வெறுந்தலை நடை

என் கணவருக்கு ஐம்பத்திரண்டு வயதில் நடை மறந்துபோனது. கால் நன்றாகத்தான் இருந்தது. போனது கழுத்து. கொச்சியில் மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் முப்பது வருடம் மூட்டை சுமந்தவர். அரிசி, சுக்கு, மிளகு, வெங்காயம், எல்லாம் லாரியிலிருந்து கிடங்குக்கும் கிடங்கிலிருந்து லாரிக்கும் அவர் தலைமேல்தான் போய் வந்தன. கழுத்து எலும்பு தேய்ந்துவிட்டது, இனித் தலையில் பாரம் ஏற்றவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்கப்புறம் ஒரே ஒரு தடவை தவிர, ஏழு மாதம் அவர் அந்த ரோட்டில் கால் வைக்கவில்லை.

எங்கள் வீடு பஜார் ரோட்டுக்குப் பின்னால் இரண்டாவது சந்தில் இருக்கிறது. சாயா குடிக்கவோ பஸ் பிடிக்கவோ மருந்து வாங்கவோ, எதற்கும் அந்த ரோட்டில்தான் இறங்க வேண்டும். இவர் மட்டும் கோயில் பக்கமாகச் சுற்றி, குளத்தைச் சுற்றி, மூக்கைத் தலையைச் சுற்றித் தொடுகிற மாதிரி போய் வந்துகொண்டிருந்தார். நானும் கண்டுகொள்ளாத மாதிரி இருந்தேன். எனக்குப் பொறுமை அவ்வளவு கிடையாது. ஆனால் இந்த விஷயத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

அப்போதுதான் ஒரு சுக்கு வியாபாரி வேலைக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினார். கிடங்கு வாசலில் நின்று, வருகிற மூட்டையைப் பார்த்து, எது எந்த அடுக்குக்குப் போக வேண்டும் என்று சொல்கிற வேலை. தூக்க வேண்டாம், குனிய வேண்டாம். சுக்கைக் கையில் எடுத்து ஒடித்துப் பார்த்தே ஈரம் சொல்லிவிடுகிற ஆள் இவர், அதனால் இவர்தான் வேண்டும் என்றார் முதலாளி. அடுத்த ஒன்றாம் தேதி வர வேண்டும். வராவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வார். அந்தக் கிடங்கு இருப்பது பஜார் ரோட்டின் நட்ட நடுவில்.

"நான் போவல," என்றார் இவர்.

"ஏன்?"

"வெறுந்தலையோட அந்த ரோட்டுல எப்படி நடக்கிறது?"

வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது. பஜார் ரோட்டுக்கு ஒரு சட்டம் உண்டு. எந்தப் பலகையிலும் எழுதியிருக்காது. சுமையோடு வருகிறவன் நிற்க மாட்டான், வெறுங்கையோடு வருகிறவன்தான் விலக வேண்டும். கடை முதலாளியானாலும் கேமராவைத் தூக்கிக்கொண்டு வரும் வெள்ளைக்காரனானாலும் கல்யாண மாப்பிள்ளையே ஆனாலும் அதே சட்டம்தான். மூட்டைக்காரன் 'வழி, வழி' என்று ஒரு குரல் கொடுப்பான். அவனால் கழுத்தைத் திருப்பிப் பார்க்க முடியாது, சட்டென்று நிற்கவும் முடியாது. நின்றால் ஒன்று முழங்கால் போகும், இல்லையென்றால் மூட்டை போகும்.

நான் அந்த ரோட்டில் விலகி விலகியே வளர்ந்தவள். என் அப்பா அங்கே சாக்குக் கடை வைத்திருந்தார். மூன்று தலைமுறையாக நாங்கள் இங்கேதான். வீட்டில் தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம். பத்தாவது முடித்த பிறகு அப்பாவுக்கு மத்தியானச் சோறு கொண்டுபோவது என் வேலையானது. தூக்குவாளியை மார்போடு அணைத்து, தலையைக் குனிந்து, ஒரு தோளை முன்னால் விட்டு, சுவரோரமாகவே போவேன். 'வழி' என்று கேட்டால் பல்லி மாதிரி சுவரில் ஒட்டிக்கொள்வேன்.

இவருடைய 'வழி' தனிக் குரல். மற்றவர்கள் கத்துவார்கள். இவர் கத்த மாட்டார், கொஞ்சம் இழுத்து, அடிவயிற்றிலிருந்து சொல்வார். அந்தக் குரலுக்கு ரோடு அந்தக் கோடி வரைக்கும் பிளந்துகொடுக்கும். நானும் ஒட்டிக்கொண்டு நிற்பேன். மூட்டைக்குக் கீழே நேரான ஒரு பார்வையும் நேரான ஒரு முதுகும் என்னைக் கடந்து போகும். சின்னச் சின்ன எட்டு, ஆனால் தலையில் இருக்கிற மூட்டை ஒரு விரற்கடை அசையாது. அப்படி நடக்கிற ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. பெண் கேட்டு வந்தபோது, நடையைப் பார்த்துச் சம்மதிக்கிறேன் என்று வீட்டில் சொல்ல முடியுமா? பேசாமல் தலையை ஆட்டினேன்.

அந்த ஆளுக்குத்தான் இப்போது நடக்க வழியில்லை. காரணம் எனக்குத் தெரியும். ரோடு முழுக்கவே தெரியும். சுமையை நிறுத்திய இரண்டாவது வாரம், பழைய கூட்டாளிகளோடு சாயா குடிக்கலாம் என்று கிளம்பிப் போயிருக்கிறார். முப்பது வருடப் பழக்கத்தில் ரோட்டின் நடுவிலேயே நடந்திருக்கிறார். பின்னாலிருந்து 'வழி' என்று குரல் வந்திருக்கிறது. திரும்பவும் வந்திருக்கிறது. இவர் விலகவில்லை. அந்தச் சொல் தனக்கு வந்தது என்று இவருக்குத் தோன்றவேயில்லை. அது இவர் வாயிலிருந்து போகிற சொல், இவர் காதுக்கு வருகிற சொல் இல்லை.

பின்னால் வந்தவன் புதிதாகச் சேர்ந்த இளவட்டம். திடீரென்று நின்றதில் தடுமாறி மூட்டையை விட்டுவிட்டான். மூட்டை வெடித்து, ரோடெல்லாம் அரிசி. இவரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த இளவட்டமே, "சாரமில்ல சேட்டா, சாரமில்ல," என்று சொல்லியிருக்கிறான். பரவாயில்லை என்பதற்கு இங்கே அப்படித்தான் சொல்வோம். நாலு திட்டு திட்டியிருந்தால் மறுநாளே போயிருப்பார். அந்த 'சாரமில்ல'தான் இவரை வீட்டில் உட்கார வைத்துவிட்டது.

இதற்கு நடுவில் எனக்கு ஒரு கூத்து வந்து சேர்ந்தது. ஃபோர்ட் கொச்சியில் பழைய பங்களா ஒன்றை ஹோட்டலாக்கி நடத்துகிறார்கள். அங்கே ஒன்பது வருடமாக அறைகளைச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். திடீரென்று என்னைக் காலைச் சாப்பாட்டு ஹாலுக்கு மாற்றினார்கள். வருகிற விருந்தாளிகளை வாசலில் வரவேற்று, மேஜை வரைக்கும் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைக்க வேண்டும். அதற்கு நடக்கத் தெரிய வேண்டுமாம். எர்ணாகுளத்திலிருந்து ஒரு பெண்ணை அழைத்து வந்து எங்கள் ஐந்து பேருக்கும் இரண்டு நாள் வகுப்பு வைத்தார்கள்.

நாற்பத்தாறு வயதில் நடக்கக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று எனக்கு ஒரே எரிச்சல். அந்தப் பெண் என்னை ஹாலின் அந்தக் கோடியிலிருந்து நடந்து வரச் சொன்னாள். வந்தேன். சிரிக்காமல் கேட்டாள்.

"சேச்சி ஏன் மாப்பு கேக்கிற மாதிரி நடக்கிறீங்க?"

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் பொய் இல்லை. நாற்பது வருடமாக எல்லாரிடமும் மாப்புக் கேட்டுக்கொண்டுதான் நடந்திருக்கிறேன். அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். தாடை தரைக்குச் சமமாக இருக்க வேண்டும். தோளைக் காதிலிருந்து கீழே இறக்க வேண்டும். கண் காலடியில் இருக்கக் கூடாது, பத்தடி முன்னால் இருக்க வேண்டும். குதிகால் முதலில் தரையில் படட்டும். அவசரம் வேண்டாம். கை அதுபாட்டுக்கு ஆடட்டும், அதைப் பிடித்து வைக்க வேண்டாம்.

கடைசியாக ஒரு தடிப் புத்தகத்தைத் தலையில் வைத்து நடக்கச் சொன்னாள். நாலாவது எட்டில் விழுந்தது. டைல்ஸ் வழுக்குகிறது என்றேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், நான் அந்த வகை.

வீட்டுக்கு வந்து இதையெல்லாம் சொன்னதும் இவர் சிரித்தார். ஏழு மாதத்தில் அப்படிச் சிரித்ததில்லை.

"அன்னநடை நடக்கப் போயி காக்கா தன் நடையும் கெட்டுச்சாம். பாத்துக்க."

"நீங்க நடந்து காட்டுங்க பாப்போம்," என்று அலமாரியிலிருந்த மலையாள அகராதியை எடுத்து நீட்டினேன். டாக்டர் சொன்னது அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை. அகராதி ஒரு கட்டி வெல்லத்தின் எடைகூட இருக்காது. இவர் அதைத் தலையில் வைத்துக்கொண்டு, அடுக்களையிலிருந்து வாசல் வரைக்கும் நடந்தார், திரும்பினார், வந்தார். எங்கள் வீட்டில் மொத்தமே பதினாலு எட்டுத்தான். அந்தப் பதினாலு எட்டிலும் பஜார் ரோட்டில் நான் பார்த்த அதே ஆள் நடந்தார். தாடை, தோள், கண் எல்லாம் அந்த எர்ணாகுளத்துப் பெண் சொன்ன இடத்தில் இருந்தன.

புத்தகத்தை எடுத்தேன். "இப்ப நடங்க."

கழுத்து முன்னால் நீண்டது. முழங்கால் மடங்கியது. மூன்றாவது எட்டில் வலது கை தானாக மேலே எழுந்து காதுக்குப் பக்கத்தில் போய் நின்றது, இல்லாத மூட்டையைப் பிடித்துக்கொள்ள. அவருக்கு அது தெரியவேயில்லை. நான் போனில் படம் பிடித்துக் காட்டினேன். இவர் தன் நடையை அதற்கு முன் பார்த்ததே கிடையாது. இரண்டு தடவை ஓட விட்டுப் பார்த்தார்.

"இந்தக் கை எதுக்கு மேல போவுது?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அடுக்களைக்குப் போய் வெறும் பாத்திரத்தைக் கழுவினேன்.

மறுநாள் வகுப்பில் அந்தப் பெண் வேறொன்று சொல்லிக்கொடுத்தாள். நடைவழியில் விருந்தாளி எதிரே வந்தால் என்ன செய்வது. என்னைச் செய்து காட்டச் சொன்னாள். நான் வழக்கம்போலச் சுவரில் ஒட்டினேன். மற்ற நாலு பேரும் சிரித்தார்கள். அவள் என் தோளைப் பிடித்து முன்னால் நகர்த்தினாள்.

"வழி விடுறதுன்னா ஒளியறதில்ல சேச்சி. நின்னு, பாதி திரும்பி, நிமிர்ந்து நில்லுங்க. அவங்க முகத்தப் பாருங்க. அவங்க போனப்புறம் நீங்க போங்க. வழி குடுக்கிறவங்க சின்ன ஆளாயிட மாட்டாங்க."

எனக்கு அங்கேயே மண்டையில் விளக்கு எரிந்தது. எங்கள் வீட்டில் இரண்டு பேர். ஒருத்திக்கு விலக மட்டும்தான் தெரியும், ஒருத்தருக்கு விலகவே தெரியாது. நிமிர்ந்து நின்று வழிவிட இரண்டு பேருக்கும் தெரியாது. இவருக்கு வேண்டியது நடைப் பயிற்சி மட்டும் இல்லை, வழிவிடும் பயிற்சியும்தான். யார் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்? முப்பது வருடத்தில் இவர் யாருக்கும் வழிவிட்டதில்லையே.

திங்கட்கிழமை எனக்கு லீவு. "வாங்க, வைப்பின் தீவு வரைக்கும் போயிட்டு வரலாம்," என்றேன். அங்கே எங்களை யாருக்கும் தெரியாது. கோயில் பக்கமாகச் சுற்றி பஸ் பிடித்து ஃபோர்ட் கொச்சிக்குப் போய், வண்டிகளையும் ஆட்களையும் சேர்த்து ஏற்றிப் போகும் ஜங்காரில் அக்கரைக்குப் போனோம். இறங்கியதும் வெற்று ரோடாகப் பார்த்து ஆரம்பித்தேன். வகுப்பில் கொடுத்த காகிதம் மலையாளத்தில் இருந்தது. அதை வைத்துக்கொண்டு நான் தமிழில் அதட்டிக்கொண்டே வந்தேன்.

"தாடை. தாடைய இறக்காதீங்க."

"டாக்டர் கழுத்தத் தொடாதேன்னு சொல்லியிருக்காரு."

"நான் கழுத்தச் சொல்லல, தாடையச் சொன்னேன். கை மேல போவுது பாருங்க."

"போவட்டும், விடு. வெறுதெ நாட்டியம் கத்துக்குடுக்கிற."

நாங்கள் சண்டை போட்டுக்கொண்டு நடந்ததை வைப்பின் முழுக்கப் பார்த்திருக்கும். ஒரு ஐஸ் கடைக்காரர் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டார். முதல் திங்கட்கிழமை ஒன்றும் நடக்கவில்லை. கை மேலே போனபடிதான் இருந்தது. எதிரே வந்த ஒருத்தர், தனக்குத்தான் வணக்கம் சொல்கிறார் என்று நினைத்துத் திரும்பி வணக்கம் வைத்துவிட்டுப் போனார். அதற்கு இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தோம், அது ஒன்றுதான் மிச்சம்.

இரண்டாவது திங்கட்கிழமை, மீன் இறங்கும் துறைப் பக்கம் போனோம். தலையில் மீன் பெட்டியோடு ஒரு பெண் எதிரே வேகமாக வந்துகொண்டிருந்தாள். பெட்டியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. இவர் ரோட்டின் நடுவில் மரம் மாதிரி நின்றுவிட்டார். அந்த அரிசி இவர் கண்முன் கொட்டுகிறது என்று எனக்குத் தெரிந்தது. கையைப் பிடித்தேன்.

"ஒரு எட்டு இங்க வாங்க. அவ்வளவுதான். பாதி திரும்புங்க. குனியாதீங்க. அவ முகத்தப் பாருங்க."

வந்தார். திரும்பினார். நின்றார். அந்தப் பெண் எங்களைக் கடந்து போனாள். ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான். அவளுக்கு வேலை இருந்தது.

இவர் அவள் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் கேட்டார்.

"இத்தன வருஷமும் நீ இப்பிடித்தான் எனக்கு நின்னியா?"

"இப்பிடி இல்ல. நான் பல்லி மாதிரி நின்னேன்."

"நான் உன் மொகத்தப் பாத்ததே இல்ல அப்ப. மூட்டை மறைக்கும். தூக்குவாளிய மட்டும்தான் பாப்பேன்." கொஞ்ச தூரம் நடந்த பிறகு சொன்னார், "பச்சை மூடி."

இருபத்தைந்து வருடத்தில் இதை அவர் சொன்னதே இல்லை. மூடி பச்சைதான். அன்றைக்கு ஜங்காரில் திரும்பி வரும்போது நான் அவரிடம் ஒரு குறையும் சொல்லவில்லை. அவர் கை இரண்டு முறை மேலே போனது. நான் பார்த்தும் விட்டுவிட்டேன்.

ஒன்றாம் தேதி காலையில் வீட்டில் இருக்க, அன்றைக்கு மட்டும் மத்தியான டூட்டி கேட்டு வாங்கியிருந்தேன். இவர் நீலச் சட்டையைத் தேடினார். சுமைக்காரர்களின் சட்டை அது. நான் அதை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டேன் என்றேன். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டார். தோர்த்துத் துண்டை எடுத்துத் தலையில் சும்மாடு கட்டப் போனார். பாதியில் நிறுத்தி, மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"நீ வர வேண்டாம்," என்றார். "பெண்டாட்டி கூட்டிக்கிட்டு வந்து விட்ட மாதிரி ஆயிடும்."

சரி என்றேன். பத்தடி விட்டுப் பின்னால் போனேன்.

சந்து முடிந்து பஜார் ரோட்டில் கால் வைக்கிற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றார். நான் ஒரு சாக்குக் கட்டுக்குப் பின்னால் நின்றேன். திரும்பி வந்துவிடுவாரோ என்று எட்டி எட்டிப் பார்த்தேன். வந்தால் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு இறங்கினார். லாரிகள் வந்து நின்றிருந்தன. சுமை ஆரம்பித்திருந்தது. கழுத்து கொஞ்சம் முன்னால்தான் இருந்தது, குதிகாலும் சரியாகப் படவில்லை. ஆனால் கண் பத்தடி முன்னால் இருந்தது.

பாதி தூரம் போயிருப்பார். பின்னாலிருந்து குரல் வந்தது, "வழி, வழி."

அந்த இளவட்டமேதான். அவனுக்குப் பின்னால் இன்னும் ஐந்தாறு பேர் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். இவர் தோள் ஒரு தடவை இறுகியதைப் பார்த்தேன். ஒரு எட்டு எடுத்து ஓரமாக வைத்தார். பாதி திரும்பினார். நிமிர்ந்து நின்று, வருகிறவன் முகத்தைப் பார்த்தார். அவன் கடந்தான். அடுத்தவன் கடந்தான். சுமையோடு யாரும் பேச மாட்டார்கள். கடைசியில் வந்தவனுடைய மூட்டை இடதுபக்கம் சரிந்திருந்தது. இவருடைய வலது கை வழக்கம்போலத் தானாக மேலே எழுந்தது, அந்த மூட்டையின் மூலையில் உள்ளங்கையை வைத்து ஒரு தள்ளுத் தள்ளி நேராக்கியது, இறங்கியது. அவனும் நிற்காமல் போனான். தெரிந்தவர்கள் ஒருத்தருக்கொருத்தர் செய்துகொள்கிற உதவிதான் அது, யாரும் நன்றி சொல்வதில்லை.

அப்புறம் இவர் கிடங்கு வரைக்கும் நடந்தார். இரண்டு கையும் கீழேயே இருந்தன.

நான் எங்கே நிற்கிறேன் என்பதை மறந்துவிட்டேன். ரோட்டின் நட்ட நடுவில் நின்றிருக்கிறேன். பின்னால் யாரோ, "சேச்சி, வழி," என்றார்கள். திரும்பவும் சொன்னார்கள். பிறந்ததிலிருந்து அந்தச் சொல்லுக்கு ஒட்டிக்கொண்ட எனக்கு, அன்றைக்கு அது யாருக்கோ சொல்வது போலிருந்தது.

கிடங்கு வாசலில் கால் வைத்தவர் திரும்பிப் பார்த்தார். என்னைப் பார்த்தார், எனக்குப் பின்னால் வருகிற மூட்டையைப் பார்த்தார். அங்கே நின்றபடியே, அடிவயிற்றிலிருந்து இழுத்து ஒரு குரல் கொடுத்தார்.

"வழீ..."

ஏழு மாதமாகக் கேட்காத குரல். ரோடு அந்தக் கோடி வரைக்கும் விலகியது. நானும் ஒரு எட்டு எடுத்து ஓரமாக வைத்தேன். சுவரில் ஒட்டவில்லை. பாதி திரும்பி, நிமிர்ந்து நின்று வழிவிட்டேன். கண்ணைத் துடைக்கக் கை மட்டும் தானாக மேலே போனது.